மாரி அண்ணன் மகள் கல்யாணத்தில் நான் யார்?

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே,

எப்படிக் காது கொடுத்துக் கேட்பது, எப்போது வாயை மூடிக்கொள்வது, எப்போது மருத்துவமனைக்கு ஃபோன் செய்வது என்றெல்லாம் பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அதையே நான் திரும்ப ஒப்பிக்கப்போவதில்லை. ஓய்வு பெற்ற ஆளுக்கு மிச்சம் இருக்கும் ஒரே அதிகாரம் கதை சொல்வது. அதைப் பயன்படுத்திக்கொள்கிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: என் பெயர் செல்வி. சிங்கப்பூரில், தஞ்சோங் பகாரில் ஒரு கப்பல் நிறுவன அலுவலகத்தில் வேலை பார்த்தேன். காப்பி மக்கில் காப்பியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஊற்றிக் குடித்தேன். வேலை போயிற்று, உடம்பு போயிற்று, மருத்துவமனைக்குப் போனேன், பிறகு தட்டுத்தடுமாறி வெளியே வந்தேன். வெளியே வரும் வழி தெரிந்தவள் என்பதால் சக ஆதரவாளராக வேலை கொடுத்தார்கள். டாக்டர் இல்லை, ஆலோசகர் இல்லை, சொந்தக்காரியும் இல்லை. "நானும் அதே குழியில விழுந்தவதான், ஏறுற வழி கொஞ்சம் தெரியும்" என்று சொல்வதற்குச் சம்பளம் தரும் வேலை உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

மாரி அண்ணனைப் பற்றி எழுத அவரிடமே அனுமதி வாங்கிவிட்டேன். "எழுதுங்க லா, ஆனா என்னைக் கொஞ்சம் உயரமா எழுதுங்க" என்றார். ஆகவே, மாரி அண்ணன் உயரமானவர். மற்ற பெயர்களையும் அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன்.

எங்கள் ஆதரவு நிலையம் அப்போது லிட்டில் இந்தியாவில் ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்தது. கீழே கைப்பேசி பழுது பார்க்கும் கடை. அங்கே போகிறவர் மாதிரியே படியேறி வந்துவிடலாம், தெருவில் யாரும் கவனிக்கமாட்டார்கள். மருத்துவமனையில் குடியை நிறுத்தும் சிகிச்சை முடிந்து மாரி அண்ணன் அப்படித்தான் வந்தார். கதவருகே நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன்.

"ஆம்பளைங்க யாரும் இல்லையாம்மா?"

"இல்லண்ணே. எதுக்கு?"

"இல்ல, இது குடிகாரங்க விஷயம்…"

"நானும் குடிகாரிதாண்ணே. வோட்கா. காலையில பல் தேய்க்கிறதுக்கு முன்னாடியே."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "தேய்ச்சதுக்கு அப்புறம் குடிச்சா டேஸ்ட் மாறிடும்ல?" என்றார். அன்றைக்கே நாங்கள் சிநேகமாகிவிட்டோம்.

கிடங்கில் பாரந்தூக்கி ஓட்டியவர். குடியால் அந்த வேலை போய், மனைவி பிரிந்து, மார்சிலிங்கில் ஓர் அறை வாடகை வீட்டில் தனியாக இருந்தார். ஒரே மகள் கவிதா. அவள் பட்டம் வாங்கிய நாளில் மாரி அண்ணன் அரங்கத்துக்குள் தள்ளாடி வந்து, நாற்காலி வரிசையோடு சேர்ந்து விழுந்தார். அதற்குப் பிறகு மகள் பேசவில்லை. குடியை விட்டு வெகுகாலம் ஆனபின் ஒருநாள் அவரே தயங்கித் தயங்கி அவளுக்குச் செய்தி அனுப்பினார். பதில் வந்தது. பிறகு ஒரு காப்பி. பிறகு கல்யாணப் பத்திரிகை.

பத்திரிகையோடு ஒரு நிபந்தனையும் வந்தது. "வாங்கப்பா. ஆனா குடிச்சிருந்தா உள்ள வராதீங்க. அம்மாவால இன்னொரு தடவை தாங்க முடியாது."

காலையில் கோவிலில் தாலி கட்டு. அதில் அவருக்குப் பயம் இல்லை. மாலையில் சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு ஹோட்டலில் விருந்து. பயம் அங்கேதான். அவருடைய தம்பி சேகர் வருவான். சேகர் நல்லவன், அண்ணன் மேல் உயிர். அந்தப் பாசத்தை அவனுக்குப் புட்டியில்தான் காட்டத் தெரியும்.

"நீங்களும் வாங்க செல்வி. சும்மா ஒரு ஓரமா உட்கார்ந்திருங்க. நீங்க இருக்கீங்கன்னு தெரிஞ்சா எனக்குப் போதும்."

இந்த மாதிரி அழைப்புக்கு உடனே சரி என்று சொல்லாதீர்கள். நான் எங்கள் பொறுப்பாளரிடம் போனேன். என்னைவிட வயதில் மிகவும் சின்னவர், இந்த வேலையில் எனக்கு மூத்தவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"காவலுக்குப் போறீங்களாக்கா, துணைக்குப் போறீங்களா?"

"துணைக்குத்தான்" என்றேன் வேகமாக. அவர் சிரித்தார். "அங்க போனதும் மாறிடும். மாறினா எனக்கு ஃபோன் பண்ணுங்க."

நானும் மாரி அண்ணனும் திட்டம் போட்டோம். விருந்தில் கை காலியாக இருந்தால்தானே யாராவது கிளாஸைத் திணிப்பார்கள்? ஆகவே உள்ளே நுழைந்ததும் ஒரு பெரிய கிளாஸ் பண்டோங் வாங்கிக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். ரோஜா சிரப்பும் பாலும் கலந்த அந்த இளஞ்சிவப்புத் தண்ணீரை எந்தக் குடிகாரனும் தன் பானம் என்று நினைக்கமாட்டான். தூரத்திலிருந்து எனக்கும் தெரியும். அருமையான திட்டம் என்று இருவரும் ஒருவரை ஒருவர் பாராட்டிக்கொண்டோம்.

விருந்தன்று மாரி அண்ணன் புது ஜிப்பாவில் மாப்பிள்ளை மாதிரி வந்தார். நான் என் கத்தரிப்பூ நிறப் பட்டில் போனேன். இருவரும் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் சந்தித்துச் சேர்ந்து நடந்து வந்தோம். இருவருமாகச் சேர்ந்தே மண்டபத்துக்குள் நுழைந்தோம். அந்த அருமையான திட்டத்தில், பார்ப்பவர்களுக்கு இது எப்படித் தெரியும் என்பதை மட்டும் இருவரும் யோசிக்கவில்லை.

என் மேசையில் மாப்பிள்ளை வீட்டுப் பக்கத்து அம்மா ஒருவர் உட்கார்ந்திருந்தார். பச்சைப் பட்டு. (நிறத்தையும் மாற்றியிருக்கிறேன்.) சூப் வருவதற்குள் விசாரணை ஆரம்பித்துவிட்டது.

"நீங்க பொண்ணு வீட்டுக்கு என்ன உறவு?"

"உறவு இல்லம்மா. தெரிஞ்சவங்க."

"பொண்ணோட அம்மாவுக்கா?"

"அப்பாவுக்கு."

"ஓ. எப்படித் தெரியும்?"

இந்தக் கேள்வி உங்களுக்கும் வரும். கல்யாணத்தில், மருத்துவமனை லிஃப்டில், சந்தையில் வரும். அவர் எதற்காக நம்மிடம் வருகிறார் என்பது அவருடைய சொத்து. நாம் அதற்குச் சாவி அல்ல. எனவே, "வேலை வழியா" என்றேன்.

"என்ன வேலை?"

"ஆபீஸ் வேலை."

"அவரு பாரந்தூக்கி ஓட்டினவருன்னு சொன்னாங்களே?"

நான் வறுத்த நண்டை வாயில் திணித்துக்கொண்டேன். பச்சைப் பட்டு மெல்லத் திரும்பிப் பக்கத்து நாற்காலியிடம் ஏதோ சொன்னார். அந்த நாற்காலி அடுத்த மேசைக்குச் சொன்னது. மீன் வருவதற்குள், பெண்ணின் அப்பா இரண்டாம் தாரத்தைக் கல்யாணத்துக்கே கூட்டிவந்துவிட்டார் என்ற செய்தி மண்டபத்தைச் சுற்றி வந்துவிட்டது. எனக்கு மட்டும் தெரியவில்லை.

கவிதாவே வந்துதான் தெரிந்தது. முழு அலங்காரத்தோடு, ஒரு கையில் பாவாடைக் கரையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து, "ஆன்ட்டி, ஒரு நிமிஷம்" என்று வெளியே நடைபாதைக்கு அழைத்தாள்.

"நீங்க யாருன்னு எனக்குத் தெரியணும். ப்ளீஸ். அம்மா ரூம்ல அழுதுட்டு இருக்காங்க. எல்லாரும் என்னென்னமோ சொல்றாங்க."

ஒரே வரியில் முடித்திருக்கலாம். 'நான் உங்கள் அப்பாவின் சக ஆதரவாளர், அவர் குடியை விட உதவுகிறவள்.' நல்ல செய்திதானே, சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. நாக்கின் நுனிக்கே வந்துவிட்டது. ஆனால் மாரி அண்ணன் சிகிச்சைக்குப் போனதையோ, எங்களிடம் வருவதையோ மகளிடம் சொல்லியிருக்கவில்லை. தானே விட்டுவிட்டதாகத்தான் சொல்லியிருந்தார். அவர் ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்டதும் இல்லை.

"கவிதா, உங்க அப்பாவுக்கும் எனக்கும் நீங்க பயப்படுற மாதிரி எதுவும் இல்லம்மா. சத்தியமா இல்ல. அத உங்க அம்மாகிட்ட இப்பவே போய்ச் சொல்லுங்க. மத்தது எல்லாம் அப்பா வாயால வரணும். நான் சொன்னா அது தப்பு."

அவள் என் முகத்தையே பார்த்தாள். நம்பினாளா இல்லையா என்று தெரியவில்லை. "அப்பா எங்க?" என்றாள்.

கதவு வழியாகப் பார்த்தேன். அவர் நாற்காலி காலி. மேசைமேல் பண்டோங் கிளாஸ் மட்டும், பாதி குடித்தபடி.

"நான் பாத்து அனுப்புறேன். நீங்க அம்மாகிட்ட போங்க" என்று சொல்லிவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நேரே கார்பார்க்குக்கு ஓடினேன். நம் கல்யாணங்களில் உண்மையான மதுக்கடை எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? ஏதாவது ஒரு காரின் பின்பெட்டியில்தான் இருக்கும்.

இருந்தது. ஜிப்பாக்கள் நாலைந்து சுற்றி நின்றன. நடுவில் சேகர், கையில் விஸ்கி.

"மாரி அண்ணன் இங்க வந்தாரா?"

"கூப்பிட்டேன்க்கா, வரல. மக கல்யாணம், ஒரே ஒரு கிளாஸ், அதுக்குப் போய் இப்படிப் பண்றாரு. நீங்க சொன்னா கேப்பாரு, சொல்லுங்க." பிறகு என்னை மரியாதையோடு பார்த்து, பிளாஸ்டிக் குவளை ஒன்றை நீட்டினான். "நீங்க நம்ம குடும்பம் மாதிரி. கொஞ்சமா?"

அவன் நல்ல எண்ணத்தில்தான் நீட்டினான். அந்த வாசனை மூக்கில் ஏறியது. ஓடிவந்த படபடப்பு, கவிதாவின் முகம், அண்ணனைக் காணோம் என்ற பயம் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து நிற்கும்போது, அந்தக் குவளை ஒரு பழைய சிநேகிதி மாதிரி என்னைப் பார்த்தது. கை நீளவில்லை. ஆனால் நீளலாம் என்று கைக்குத் தெரிந்திருந்தது.

"வேண்டாம் தம்பி" என்று சொல்லிவிட்டு நடந்தேன். ஒரு தூணுக்குப் பின்னால் நின்று பொறுப்பாளருக்கு ஃபோன் செய்தேன். அண்ணனைத் தேடுவதை நிறுத்திவிட்டுத்தான் செய்தேன்.

"மாறிடுச்சு" என்றேன்.

"எது?"

"காவலுக்கு வந்துட்டேன். போலீஸ் மாதிரி கார் காரா தேடிட்டிருக்கேன். எனக்கும் இப்ப வாசனை அடிச்சது."

அவர் பதறவில்லை. என்னை எங்காவது உட்காரச் சொன்னார். தண்ணீர் குடித்தேனா என்று கேட்டார். அவருடைய வீட்டில் அன்றைக்குச் சமைத்த மீன் குழம்பு எப்படிக் கெட்டுப்போனது என்று கொஞ்ச நேரம் சொன்னார். நான் சிரித்தபின்தான் கேட்டார்: "அக்கா, குடிக்கணும்னு இருக்கிறவங்க எங்க போவாங்கன்னு பாத்துட்டீங்க. குடிக்கக் கூடாதுன்னு இருக்கிறவங்க எங்க போவாங்க?"

அவர் கேட்டபிறகுதான் எனக்கு உறைத்தது. அதுவரை நான் மாரி அண்ணன் தோற்றிருப்பார் என்ற கணக்கில்தான் தேடிக்கொண்டிருந்தேன். அவர் இன்னும் போராடிக்கொண்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அப்படிப் போராடிய நாட்களில் நான் எங்கே போவேன்? வெளிச்சம் இருக்கும் இடத்துக்கு, பெண்களும் பிள்ளைகளும் சத்தமாக இருக்கும் இடத்துக்குப் போவேன்.

மண்டபத்தின் மறுபக்க வாசலில், விருந்தாளிப் பெண்களுக்கு மருதாணி போடும் மேசை இருந்தது. ஒரே கூச்சல், சிரிப்பு. நடுவில் மாரி அண்ணன். இரண்டு கைகளையும் நீட்டி வைத்து உட்கார்ந்திருந்தார். மருதாணி போடும் பெண் அவருடைய இடது உள்ளங்கையில் மயில் வரைந்துகொண்டிருந்தாள். வலது கையில் ஏற்கெனவே ஒரு மயில் ஈரமாக இருந்தது.

"அண்ணே! என்ன இது?"

"சேகர் வந்து கூப்பிட்டான். வேண்டான்னேன். திரும்ப வந்தான், வேண்டான்னேன். மறுபடி வந்தா போயிடுவேன்னு எனக்கே தெரிஞ்சுபோச்சு செல்வி. பண்டோங் கிளாஸைக் கீழ வைக்கிறது ரொம்ப ஈஸி. அதான், ரெண்டு கையையும் இந்தப் பிள்ளைகிட்ட கொடுத்துட்டேன். காயிற வரைக்கும் எதையும் தொடக் கூடாதாம்."

"ஆமா அங்கிள், தொட்டா மயில் கலைஞ்சிடும்" என்றாள் அந்தப் பெண்.

எத்தனையோ பாடப் புத்தகங்கள் படித்திருக்கிறேன். ஒன்றிலும் இந்த உத்தி கிடையாது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து நானும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது, சிரிப்பால்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு மண்டபத்தில் சுற்றும் வதந்தியைச் சொன்னேன். அவர் முகம் கறுத்தது.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எதுவும் சொல்லல. அது உங்க விஷயம். நான் இப்பவே கிளம்பினா பேச்சு அடங்கும்னா கிளம்பிடுறேன். இருக்கணும்னா இருக்கேன். நீங்க சொல்லுங்க."

அவர் தன் மயில்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "இருங்க" என்றார் கடைசியில்.

கொஞ்ச நேரத்தில் இரு வீட்டாரையும் மேடைக்கு அழைத்தார்கள். 'யாம் செங்' என்று எல்லோரும் நீட்டி முழங்கிக் கிளாஸைத் தூக்கும் நேரம். சீன நண்பர்களிடமிருந்து நம் விருந்துகளுக்கும் வந்து ஒட்டிக்கொண்ட வழக்கம். மாரி அண்ணன் இரண்டு கைகளையும் சாமி வந்தவர் மாதிரி முன்னால் ஏந்தியபடி மேடையேறினார். கூட்டம் சிரித்தது. பணியாளர் நீட்டிய ஒயின் கிளாஸை அவரால் வாங்க முடியவில்லை. திட்டம் வேலை செய்கிறது என்று நான் மூச்சு விட்டேன்.

அப்போது சேகர் மேடையில் தாவி ஏறினான். அந்தக் கிளாஸை அவன் வாங்கிக்கொண்டான். "கை இல்லாட்டி என்ன? அண்ணனுக்கு நான் ஊட்டி விடுறேன்!" என்று அவர் வாயருகே கொண்டுபோனான். கூட்டம் கை தட்டியது. மணமேடையில் கவிதா அப்படியே உறைந்து நின்றாள்.

நான் பாதி எழுந்துவிட்டேன். ஓடிப்போய்த் தட்டிவிடலாம். மேடை பக்கத்தில்தான். ஆனால் தட்டிவிட்டால் அந்த மண்டபத்துக்கு அவரைப் பற்றி நான் சொல்லிவிட்டதாக ஆகும், அதுவும் அவர் தோற்கப்போகிறார் என்று. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் கண்கள் என்னைத் தேடி வந்தன. தலையாட்டவில்லை, சைகை காட்டவில்லை. இங்கேதான் இருக்கிறேன் என்று நின்றேன், அவ்வளவுதான். இந்த வேலையில் நான் செய்த மிகக் கடினமான காரியம் அது. பார்ப்பவர்களுக்கு ஒன்றுமே செய்யாத மாதிரி இருந்திருக்கும்.

மாரி அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நிகழ்ச்சி நடத்தியவனிடம் "தம்பி, அந்த மைக்க கொஞ்சம் பிடி" என்றார். அவன் வாயருகே பிடித்தான்.

"நான் குடிக்கிறதில்லைங்க. முன்னாடி குடிச்சேன், ரொம்பவே குடிச்சேன். என் மக பட்டம் வாங்கின அன்னைக்கு நான் விழுந்தது நம்ம சொந்தக்காரங்களுக்கெல்லாம் தெரியும். தானா விட்டுட்டேன்னு மககிட்ட சொன்னேன். தானா விடல. ஆஸ்பத்திரிக்குப் போனேன். அப்புறம் அதோ நிக்கிறாங்களே, கத்தரிப்பூ கலர் சேலை, அவங்க கூடவே இருந்தாங்க. அவங்களும் குடியிலேர்ந்து மீண்டு வந்தவங்கதான். அதச் சொல்லலாம்னு அவங்களே எப்பவும் சொல்லுவாங்க. வேற ஒண்ணும் இல்ல. சாப்பாடு ஆறுது, எல்லாரும் சாப்பிடுங்க."

சேகர் கிளாஸோடு நின்றான், அதை எங்கே வைப்பது என்று தெரியாமல். பிறகு கவிதா நகர்ந்தாள். மேடைக்குக் கீழே இருந்த மேசையிலிருந்து ஒரு பண்டோங் கிளாஸை எடுத்து, ஸ்ட்ராவைத் திருப்பி, அப்பாவின் வாயருகே பிடித்தாள்.

"யாம் செங்ப்பா" என்றாள்.

அவர் உறிஞ்சினார். பிறகுதான் கூட்டத்துக்கு மூச்சு வந்தது. மேசை மேசையாக முழங்கிய முழக்கத்தில் கூரை போயிருக்க வேண்டும்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதத்தான் ஆசை. அவருடைய மனைவி அன்று அவரோடு பேசவில்லை, இன்றுவரை அதிகம் பேசுவதில்லை. அது அவருடைய உரிமை. அடுத்த ஆண்டு மாரி அண்ணன் ஒருமுறை சறுக்கினார். மறுநாளே படியேறி வந்து, "விழுந்துட்டேன் செல்வி. நாற்காலி எதுவும் உடையல" என்றார். மறுபடி ஆரம்பித்தோம். இப்போது செங்காங்கில் பேரனைப் பள்ளியிலிருந்து கூட்டிவருவது அவர் வேலை. சேகர் அண்ணனைக் காப்பிக் கடைக்குத்தான் அழைத்துப் போகிறான். பாசத்தைக் காட்ட வேறு வழியும் கற்றுக்கொண்டுவிட்டான்.

இனி அன்று மாலை கடைசியாக நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். இனிப்பு முடிந்து நான் கைகழுவப் போனபோது, பச்சைப் பட்டு அம்மா பின்னாலேயே வந்தார். மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைப் பார்த்தபடி பொட்டைச் சரிசெய்தார், சரியாக இருந்த பொட்டை.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். எனக்கு இல்ல. என் சிநேகிதி ஒருத்தி. தூக்க மாத்திரை சாப்பிடுறா. டாக்டர் கொடுத்தது முடிஞ்சும் எங்கெங்கேயோ வாங்கிச் சாப்பிடுறா. வீட்ல யாருக்கும் தெரியாது. அந்த மாதிரி ஆளுங்களையும் நீங்க பாப்பீங்களா?"

"பாப்போம்மா. லிட்டில் இந்தியாவுல, ஃபோன் ரிப்பேர் கடைக்கு மேல. சிநேகிதியக் கூட்டிட்டு வாங்க."

"அவ வருவாளான்னு தெரியல."

"அவங்க வரலன்னாலும் நீங்க வாங்க. டீ குடிக்கலாம்."

அவர் ஓடிக்கொண்டிருந்த குழாயை மூடினார். பிறகு தன் கைப்பேசியை என்னிடம் நீட்டி, எண்ணைப் பதியச் சொன்னார்.

அந்தச் சிநேகிதி வந்தாரா என்று உங்களில் யாராவது கேட்பீர்கள். கேளுங்கள். சொல்லமாட்டேன்.